நீரிழிவும் இதய நோய் மருத்துவமனைச் சேர்க்கையும்: இன வேறுபாடு காட்டும் எண்ணை எப்படிப் படிப்பது?

சிங்கப்பூரில் வெளியாகும் நலவாழ்வுப் புள்ளிவிவரங்கள் பெரும்பாலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று இனவாரியாகப் பிரித்தே தரப்படுகின்றன. நீரிழிவாகட்டும், மாரடைப்பாகட்டும், சிறுநீரகச் செயலிழப்பாகட்டும், அட்டவணையைப் பார்க்கும் தமிழ் வாசகரின் கண் முதலில் இந்தியர் என்ற வரிசைக்குத்தான் போகும். அங்கே எண் பெரிதாக இருந்தால், ‘பரம்பரையாக வருவது, என்ன செய்ய’ என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொள்வோர் நம்மிடையே நிறையப் பேர். அந்த எண்ணுக்குள் ஒரே ஒரு காரணம் ஒளிந்திருக்கவில்லை. நீரிழிவு உள்ளவர்களில் எந்த இனத்தவர் இதய நோய்க்காக அதிகம் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்கள் என்ற கேள்விக்கான விடை, யாரை எண்ணினோம், எதனால் வகுத்தோம், எந்த வயதினரை ஒப்பிட்டோம் என்பவற்றைப் பொறுத்து மாறக்கூடியது. இதைப் படிக்கக் கற்றுக்கொண்டால், அந்த எண்ணில் நம் கைக்கு எட்டும் பகுதி எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

முதலில் நீரிழிவுக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பு. ரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கூடுதலாக இருக்கும்போது ரத்தக் குழாய்களின் உட்சுவர் பழுதடைகிறது. பழுதடைந்த இடத்தில் கெட்ட கொழுப்பு எளிதில் படிகிறது. ரத்தம் உறையும் தன்மையும் கூடுகிறது. இரண்டாம் வகை நீரிழிவு பெரும்பாலும் உயர் ரத்த அழுத்தம், டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பின் உயர்வு, குறைந்த நல்ல கொழுப்பு ஆகியவற்றோடு சேர்ந்தே வருவதால் ஒரு பாதிப்பின்மேல் இன்னொன்று ஏறிக்கொள்கிறது. நீரிழிவு உள்ளவருக்கு இதயத் தமனி நோய் வரும் அபாயம், இல்லாதவருக்கு இருப்பதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. தமனி அடைப்பு ஒருபுறமிருக்க, இதயத் தசையே வலுவிழந்து ரத்தத்தைச் சரிவரச் செலுத்த முடியாமற்போகும் இதயச் செயலிழப்பும் நீரிழிவால் கூடுகிறது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வு, நீரிழிவு உள்ள ஆண்களிடம் இதயச் செயலிழப்பு இரு மடங்குக்கு மேலும், பெண்களிடம் ஐந்து மடங்கும் அதிகம் என்று 1974ஆம் ஆண்டிலேயே காட்டியது. இதய நோய் என்றாலே மாரடைப்புதான் நம் நினைவுக்கு வருகிறது. ஒருமுறை வீடு திரும்பியவரைத் திரும்பத் திரும்ப வார்டுக்கு அழைத்துவருவது பெரும்பாலும் இந்தச் செயலிழப்பே.

இனி, ‘சேர்க்கை’ என்று எதை எண்ணுகிறார்கள் என்று பார்க்கலாம். எடுத்துக்காட்டாக, இருபது ஆண்டுகளாக நீரிழிவோடு வாழும் எழுபது வயதுக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். சில நாள்களாக அவருக்குக் கணுக்கால் வீங்கியிருக்கிறது, தலையணையை இரண்டாக அடுக்கினால்தான் தூங்க முடிகிறது, இருமலும் இருக்கிறது. நள்ளிரவில் மூச்சுத்திணறல் வந்து அவசர மருத்துவ வாகனத்தில் கொண்டுசெல்கிறார்கள். எக்ஸ்ரே படத்தில் நுரையீரலில் நீர் கோத்திருப்பதும் தெரிகிறது, கிருமித்தொற்றின் அடையாளமும் தெரிகிறது. வீடு திரும்பும் நாளில் அவருடைய அறிக்கையின் முதன்மை நோய் என்ற இடத்தில் இதயச் செயலிழப்பு என்று எழுதப்பட்டால் அவர் இதய நோய்ச் சேர்க்கைகளில் ஒருவர். நிமோனியா என்று எழுதப்பட்டால், முதன்மை நோயை மட்டும் எண்ணும் அட்டவணையில் அவர் இடம்பெறமாட்டார். அடுத்த மாதம் அவர் மீண்டும் சேர்க்கப்பட்டால், சேர்க்கைகளை எண்ணும் அட்டவணையில் இரண்டு, ஆள்களை எண்ணும் அட்டவணையில் ஒன்று. மருத்துவமனையை எட்டுவதற்கு முன்பே வீட்டில் இறந்துபோனவர் சேர்க்கைக் கணக்கில் வரவே மாட்டார். ஆகவே, சேர்க்கை குறைவாக இருக்கும் இனத்தில் இதய நோயும் குறைவு என்று உடனே சொல்லிவிட முடியாது. நோய் இருந்தும் தாமதமாக வருபவர்களும், வராமலே போகிறவர்களும் அங்கே அதிகமாக இருக்கலாம்.

அடுத்தது வகுக்கும் எண். இதில்தான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது என்பது என் கருத்து. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். இரு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் 10,000 பெரியவர்கள். முதல் பிரிவில் 1,000 பேருக்கும் இரண்டாவதில் 1,700 பேருக்கும் நீரிழிவு. இரு பிரிவிலும் நீரிழிவு உள்ள ஒவ்வோர் 1,000 பேரில் ஆண்டுக்கு 20 பேர் இதய நோய்க்காகச் சேர்க்கப்படுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், முதல் பிரிவில் 20 பேர், இரண்டாவதில் 34 பேர். மொத்த மக்கள்தொகையால் வகுத்தால் இரண்டாம் பிரிவின் விகிதம் 70 விழுக்காடு அதிகம். நீரிழிவு உள்ளவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வேறுபாடு துளியும் இல்லை. இரண்டு கணக்கும் சரியானவை. ஆனால் இரண்டும் வெவ்வேறு வேலையைச் சுட்டுகின்றன. முதல் கணக்கு, அந்தப் பிரிவில் நீரிழிவு வராமல் தடுக்க வேண்டும் என்கிறது. இரண்டாவது கணக்கில் வேறுபாடு தெரிந்தால்தான், நீரிழிவு வந்த பிறகு கிடைக்கும் கவனிப்பிலோ உடல்வாகிலோ வாழும் சூழலிலோ வேறு ஏதோ இருக்கிறது என்று தேட வேண்டும்.

இந்தக் கற்பனை எண்கள் சிங்கப்பூர் நிலைமைக்கு வெகு தொலைவில் இல்லை. 2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் 18 முதல் 69 வயது வரையிலான குடியிருப்பாளர்களில் (அதாவது குடிமக்கள், நிரந்தரவாசிகளில்) சீனரில் 9.7 விழுக்காட்டினருக்கும், மலாய்க்காரரில் 16.6 விழுக்காட்டினருக்கும், இந்தியரில் 17.2 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு இருந்தது. அவ்வாறு கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அந்த ஆய்வில் பங்கெடுக்கும்வரை தங்களுக்கு நீரிழிவு இருப்பதே தெரியாது என்பது இன்னும் கவனிக்கத்தக்கது. நோயாளிகளின் பதிவேட்டை வைத்து வகுக்கும்போது, தெரியாமலிருப்பவர்கள் வகுக்கும் எண்ணில் சேரமாட்டார்கள். ஓர் இனத்தில் பலர் பரிசோதனைக்கே போகாமல், உடல் மிகவும் கெட்ட பிறகுதான் நீரிழிவு நோயாளிகளாகப் பதிவாகிறார்கள் என்றால், பதிவானவர்களில் நோய் முற்றியவர்களின் பங்கு கூடி, சேர்க்கை விகிதம் உள்ளதைவிட உயர்ந்து தெரியும். பரிசோதனை பரவலாகி, லேசான நீரிழிவு உள்ளவர்களும் பதிவேட்டுக்குள் வந்தால், யாருடைய இதயமும் மாறாமலே விகிதம் இறங்கும்.

வயதைச் சரிக்கட்டுவது மூன்றாவது படி. இதய நோய் வயதோடு ஏறுவது. ஓர் இனத்தில் நீரிழிவு நாற்பது வயதிலேயே தொடங்கி, இன்னொன்றில் அறுபதில் தொடங்கினால், முதல் இனத்தின் நோயாளிகள் சராசரியில் இளையவர்களாக இருப்பார்கள். சரிக்கட்டாத விகிதத்தில் அவர்களுடைய நிலைமை நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். அதனால்தான் எல்லா இனங்களுக்கும் ஒரே வயதுப் பகிர்வு இருப்பதாக வைத்துக் கணக்கிடுகிறார்கள். அட்டவணையின் தலைப்பில் ‘வயதுக்கேற்பத் தரப்படுத்தப்பட்ட விகிதம்’ என்று இருந்தால் இதுவே பொருள். இதிலும் ஒரு குறை தங்கிவிடுகிறது. 55 வயதுள்ள இருவரில் ஒருவருக்கு நீரிழிவு வந்து ஐந்து ஆண்டுகள், மற்றவருக்கு இருபது ஆண்டுகள் என்றால், வயது ஒன்றே ஆனாலும் அவர்களின் ரத்தக் குழாய்கள் ஒன்றல்ல. நீரிழிவின் கால அளவையும் சேர்த்துக் கணக்கிடாத ஒப்பீடுகளைச் சற்று நிதானமாகவே ஏற்க வேண்டும்.

சிங்கப்பூரில் இந்தியர்களுக்கு இதயத் தமனி நோய் அதிகம் என்பது புதிய செய்தியன்று. டாக்டர் தனராஜும் உடனாய்வாளர்களும் சவப்பரிசோதனைப் பதிவேடுகளை ஆராய்ந்து 1959இல் வெளியிட்ட கட்டுரையே சீனருக்கும் இந்தியருக்கும் இடையிலான பெரிய இடைவெளியைக் காட்டியது. அக்காலத்தில் இதற்கு உலகில் அதிகம் முன்னுதாரணம் கிடையாது. பின்னர் 1980 முதல் 1984 வரையிலான மரணப் பதிவுகளை ஆராய்ந்தபோது, 30 முதல் 69 வயதினரில் இந்திய ஆண்கள் சீன ஆண்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு விகிதத்தில் இதயத் தமனி நோயால் இறந்தது தெரியவந்தது. மலாய்க்கார ஆண்களின் விகிதம் சீனரைவிட இரு மடங்கு. புகைப்பழக்கத்தையோ மொத்தக் கொழுப்பின் அளவையோ மட்டும் வைத்து இந்த இடைவெளியை விளக்க முடியவில்லை. நீரிழிவும், குறைந்த நல்ல கொழுப்பும், இன்சுலினுக்கு உடல் சரியாகப் பதிலளிக்காத நிலையும்தான் ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்தன.

2006இல் வெளிவந்த ஒரு சிங்கப்பூர் ஆய்வு இன்னும் நுட்பமான கேள்வியைக் கேட்டது: நீரிழிவு எல்லா இனத்தவரின் இதயத்தையும் ஒரே அளவில் தாக்குகிறதா? இல்லை என்பதே விடை. நீரிழிவுக்கும் இதயத் தமனி நோய்க்கும் உள்ள தொடர்பின் வலிமை இனத்துக்கு இனம் மாறியது. இந்தியரிடம் அது கூடுதலாக இருந்தது. புள்ளியியலில் இதை இடைவினை என்பார்கள். இந்தியருக்கு நீரிழிவு அதிகம் என்பது ஒன்று; நீரிழிவு வந்த இந்தியரின் இதயம் அதனால் அதிகம் பாதிக்கப்படுகிறது என்பது வேறொன்று. முதலாவது மட்டும் உண்மையாக இருந்திருந்தால், நீரிழிவு உள்ளவர்களை மட்டும் ஒப்பிடும்போது இடைவெளி மறைந்திருக்க வேண்டும். நம்முடைய கற்பனைக் கணக்கில் அப்படித்தான் மறைந்தது. உண்மையான மனிதர்களிடம் முழுவதும் மறையவில்லை.

மலாய்க்காரர்களின் நிலைமையை நம்மவர்கள் பலர் கவனிப்பதில்லை. 2003இல் வெளியான ஆய்வொன்றில் மாரடைப்பு விகிதம் இந்தியரிடம் மிக அதிகமாக இருந்தது. ஆனால் மாரடைப்பு வந்தவர்களில் இறந்தவர்களின் பங்கு மலாய்க்காரரிடமே மிக அதிகம். அண்மை ஆண்டுகளின் தேசிய மாரடைப்புப் பதிவேட்டு அறிக்கைகளில், வயதுக்கேற்பத் தரப்படுத்தப்பட்ட விகிதத்திலும் மலாய்க்காரர்கள் இந்தியர்களைத் தாண்டி முதலிடத்துக்கு வந்திருக்கிறார்கள். மரபணு ஒரு தலைமுறைக்குள் அப்படி மாறிவிடாது. ஒரே தீவில், ஒரே பலதுறை மருந்தகங்களுக்கு (பாலிகிளினிக்) போகும் மக்களிடையே வரிசை இடம் மாறுகிறது என்றால், புகைப்பழக்கம், உடல் பருமன், வருமானம், வேலை நேரம், மருந்தைத் தொடர்ந்து எடுத்துக்கொள்வது போன்றவை அந்த எண்ணைத் தள்ளிக்கொண்டிருக்கின்றன என்றுதான் கொள்ள வேண்டும்.

நாட்டை மாற்றிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகிறது. அமெரிக்காவின் வடக்குக் கலிஃபோர்னியாவில் கைசர் பெர்மனென்டே என்ற ஒரே காப்பீட்டு, மருத்துவ அமைப்பின்கீழ் இருந்த, நீரிழிவு உள்ள 62,432 பேரை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட கட்டுரை, எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே வகையான மருத்துவ வசதி இருக்கும்போது என்ன ஆகிறது என்று பார்த்தது. வெள்ளையரோடு ஒப்பிட்டபோது கறுப்பினத்தவர், ஆசியர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் ஆகிய மூன்று பிரிவினருக்கும் மாரடைப்பு குறைவு. ஆனால் கடைசிக்கட்டச் சிறுநீரகச் செயலிழப்பு மூன்று பிரிவினருக்கும் அதிகம். சிறுபான்மையினருக்கு எல்லாச் சிக்கலும் அதிகம் என்ற பொதுவான எதிர்பார்ப்பு அங்கே பொய்த்தது. ஓர் உறுப்பில் பின்தங்கிய பிரிவு மற்றோர் உறுப்பில் முந்தலாம். எனவே, வேறு நாட்டின் இன வேறுபாட்டு எண்களை எடுத்துவந்து சிங்கப்பூரின் தேக்காச் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருப்பவருக்குப் பொருத்திச் சொல்வது தவறு.

‘இந்தியர்’ என்ற வரிசையே எத்தனை பேரை அடக்கியது என்பதையும் மறந்துவிடக் கூடாது. தமிழர், மலையாளிகள், பஞ்சாபியர், குஜராத்தியர், சிந்தியர், இலங்கை வம்சாவளியினர் என்று உணவிலும் தொழிலிலும் வேறுபட்ட பலர் அதில் ஒன்றாக எண்ணப்படுகிறார்கள். நான்கு தலைமுறையாக இங்கே வாழும் குடும்பமும், பத்து ஆண்டுகளுக்கு முன் மென்பொருள் வேலைக்கு வந்து நிரந்தரவாசியான குடும்பமும் ஒரே வரிசையில். கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கும் வேலை அனுமதிச் சீட்டுத் தமிழர்களோ, குடியிருப்பாளர்களை மட்டும் கணக்கெடுக்கும் தேசிய ஆய்வுகளில் இடம்பெறுவதே இல்லை. தங்கும் விடுதியில் வாழும் முப்பத்தெட்டு வயது ஊழியர் ஒருவரின் சர்க்கரை அளவு எந்த இனவாரி விகிதத்திலும் சேராது. அவர்களுக்காக முதலாளிகள் எடுக்க வேண்டிய மருத்துவக் காப்பீட்டின் குறைந்தபட்ச வரம்பு 2023 ஜூலை முதல் 15,000 வெள்ளியிலிருந்து 60,000 வெள்ளியாக உயர்ந்தது நல்ல மாற்றம். அது மருத்துவமனைச் செலவைத் தாங்கும், நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்காது. இந்த விடுபடலைப் பற்றித் தமிழர்களாகிய நாம் இன்னும் உரக்கப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

உடல்வாகில் வேறுபாடே இல்லையா என்றால், உண்டு. தெற்காசியரிடம் அதே எடையில் கூடுதல் கொழுப்பு வயிற்றைச் சுற்றியும் உள்ளுறுப்புகளைச் சுற்றியும் சேர்கிறது. சிங்கப்பூரில் ஆரோக்கியமான ஆண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில், ஒல்லியாக இருந்த இந்தியர்களின் உடல், அதே அளவு ஒல்லியான சீனர், மலாய்க்காரரைவிட இன்சுலினுக்குக் குறைவாகவே பதிலளித்தது. ‘எனக்குத் தொந்தி இல்லையே’ என்ற நிம்மதி நமக்கு அவ்வளவாகப் பொருந்தாது என்பதே இதன் நடைமுறைப் பொருள். ஆசியர்களுக்கு அபாயம் குறைந்த எடையிலேயே தொடங்குவதால்தான், உடல் எடைக் குறியீடு 23ஐத் தொட்டாலே எச்சரிக்கை என்றும் 27.5ஐத் தொட்டால் அதிக அபாயம் என்றும் சிங்கப்பூரில் வரையறுத்திருக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவுக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை.

ஆயினும் இந்த உடல்வாகு தனித்து நின்று மாரடைப்பைக் கொண்டுவருவதில்லை. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு, உலகெங்கும் முதல் மாரடைப்பின் அபாயத்தில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை ஒன்பது காரணங்கள் விளக்குவதாக 2004இல் காட்டியது: புகைப்பழக்கம், ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், காய்கனி குறைவாக உண்பது, மது, உடலுழைப்புக் குறைவு. அதே ஆய்வின் தெற்காசியப் பகுதியில் முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்தது. மற்ற பகுதிகளில் ஏறத்தாழ 59 வயதில். தெற்காசியரிடம் அந்தக் காரணங்கள் இளமையிலேயே சேர்ந்துவிடுவதைக் கணக்கில் எடுத்தபோது, வயது இடைவெளியின் பெரும்பகுதி விளக்கம் பெற்றுவிட்டது. ‘பரம்பரை’ என்று கையை விரிப்பவர்களுக்கு நான் காட்ட விரும்புவது இந்த முடிவைத்தான். அந்த ஒன்பதில் பெரும்பாலானவை அளக்கக்கூடியவை, குறைக்கக்கூடியவை.

சேர்க்கை விகிதத்தைக் குறைக்கும் வழிகளும் கடந்த பத்தாண்டில் கூடியிருக்கின்றன. நீரிழிவு உள்ளவருக்கு எச்பிஏ1சி, அதாவது கடந்த சில மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு, மட்டும் பார்த்தால் போதாது. ரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் அதே அளவு முக்கியம். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை, ‘கொலஸ்ட்ரால் இப்போது சரியாகிவிட்டது’ என்று சொல்லி நிறுத்திவிடுவது நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது. அது சரியானதே அந்த மாத்திரையால்தான். 2015இல் வெளியான எம்பா-ரெக் ஆய்வில், இதய நோயும் இரண்டாம் வகை நீரிழிவும் உள்ளவர்களுக்கு எம்பாகிளிஃப்ளோசின் என்ற மருந்து கொடுத்தபோது, இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படுவது 35 விழுக்காடு குறைந்தது. இத்தகைய மருந்து தனக்குப் பொருந்துமா என்பதைச் சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. 40 வயதைத் தாண்டியவர்கள் ‘ஸ்கிரீன் ஃபார் லைஃப்’ திட்டத்தில் நீரிழிவு, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றுக்குச் சலுகைக் கட்டணத்தில் பரிசோதனை செய்துகொள்ளலாம். 2023 ஜூலையில் தொடங்கிய ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டத்தில் சேர்ந்து ஒரே மருத்துவரிடம் தொடர்ந்து போவது, மாத்திரைகளை யாராவது ஒருவர் முழுமையாகக் கண்காணிக்க வழிசெய்கிறது.

நீரிழிவு நரம்புகளையும் மழுங்கச் செய்வதால், மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலே வரலாம் என்பதை வீட்டில் உள்ள எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். காரணமில்லாத வியர்வை, குமட்டல், தாடையிலோ முதுகிலோ ஒருவித அழுத்தம், வழக்கமாக ஏறும் படிக்கட்டில் திடீரென்று மூச்சு வாங்குவது ஆகியவை பெண்களிடமும் முதியோரிடமும் ‘வாயுப் பிடிப்பு’ என்று தள்ளிவைக்கப்படுகின்றன. அப்படி நேர்ந்தால் தைலம் தடவிக் காத்திருக்காமல் அவசர மருத்துவ வாகனத்துக்கான 995ஐ அழைக்க வேண்டும். ஏற்கெனவே இதயச் செயலிழப்பு உள்ளவர் காலையில் சிறுநீர் கழித்தபின், உணவுக்கு முன், தினமும் எடை பார்த்து எழுதிவைப்பது நல்லது. இரண்டு மூன்று நாள்களில் இரண்டு கிலோ கூடினால் அது பெரும்பாலும் சதையன்று, உடலில் தங்கும் நீர். அந்த நிலையிலேயே மருந்தகத்தைத் தொடர்புகொண்டால், பல சமயம் நீர் வெளியேற்றும் மாத்திரையின் அளவை மாற்றியே வார்டுக்குப் போவதைத் தவிர்த்துவிட முடிகிறது.